பிள்ளையை நினைத்துத் தூங்காதவர்களுக்கு: மனநல ஆலோசகர் பதில்கள்

கடல்பாசி எடுக்கும் ஒரு தாய், மண்டபம்: மகனுக்கு 16 வயசு, மேடம். ஸ்கூலுக்குப் போறதில்ல. கஞ்சாவோன்னு சந்தேகம். ராத்திரி அவன் வர்ற வரைக்கும் வாசப்படியிலதான் இருக்கேன். வந்ததும் சட்டையை மோந்து பாக்குறேன். தூக்கமே போச்சு.

அக்கா, முதலில் உங்கள் தூக்கத்தைப் பேசுவோம். ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்ததால் அவன் ஒருநாளாவது சீக்கிரம் வந்தானா? மறுநாள் விடியுமுன் நீங்கள் கடலில் இறங்க வேண்டும். மாலையில் அரைமணி நேரத்தைக் கவலைக்கென்றே ஒதுக்குங்கள். மனதில் ஓடுவதையெல்லாம் ஒரு பழைய நோட்டில் எழுதி, அதில் நாளைக்கு உங்களால் செய்ய முடிந்த ஒன்றின் கீழ் மட்டும் கோடு போடுங்கள். வகுப்பு வாத்தியாரைப் பார்ப்பது உங்களால் முடியும். மற்ற நேரத்தில் நினைப்பு வந்தால் "சாயந்திரம் பாத்துக்கலாம்" என்று தள்ளுங்கள். முதல் வாரம் தள்ள வராது, பழகினால் வரும்.

அவன் உள்ளே நுழைந்ததும் விசாரிக்காதீர்கள். மறுநாள் சோறு போடும்போது, "நேத்து நீ வர லேட்டாச்சு, எனக்குப் பயமா இருந்துச்சு" என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். "ஏன்டா" என்று தொடங்கினால் தட்டோடு எழுந்து போய்விடுவான். ராமநாதபுரம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அவன் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள். தூக்க மாத்திரையை நீங்களாகக் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

விசைப்படகுத் தொழிலாளி, தங்கச்சிமடம்: செத்துரலாம்னு மக நோட்டுல எழுதி வெச்சிருக்கா. கேட்டா அந்த எண்ணம் கூடிருமோ?

அதிகமாகாது, அண்ணே. "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை, அவளுக்குப் பேச ஒரு வழி திறக்கிறது. இன்றே கேளுங்கள், கடலுக்கு அப்புறம் போகலாம். எலி மருந்து, மாத்திரை எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள், அவளைத் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். நாளை காலை ஆஸ்பத்திரி.

பாம்பன்: எப்பப் பாத்தாலும் கேம்தான். போனை உடைச்சா திருந்துவானா?

மாட்டான். நேரத்தைப் பேசி முடிவு செய்யுங்கள், உங்கள் போனையும் அந்த நேரத்தில் கீழே வையுங்கள்.

ராமேஸ்வரம்: போனைப் பிடுங்கி வெச்சா?

மேலே பாருங்கள்.

கீழக்கரை: மகனுக்குக் காதுல குரல் கேக்குதாம். ஏர்வாடி தர்காவுல 40 நாள் வெச்சா போதும்னு மாமியா சொல்றாங்க.

லாத்தா, தர்காவுக்குத் தாராளமாகப் போங்கள். ஆனால் டாக்டரைப் பார்ப்பதை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள், போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கீழக்கரையிலிருந்தே இன்னொருவர்: அங்க போய்க் குணமானவங்களை நானே பாத்திருக்கேன். படிச்சவங்களுக்கு நம்பிக்கைன்னாலே இளக்காரம்.

இளக்காரம் இல்லை, காக்கா. பிள்ளைக்காக ஒரு தாய் கேட்கும் துஆ அவளையும் தாங்குகிறது, அதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஏர்வாடியில் மருந்தும் துஆவும் சேர்ந்தே கிடைக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. நான் எதிர்ப்பது சங்கிலியை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடிக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, கட்டிப்போட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

அதே நபர்: அது தர்கா இல்லையே, தனியார் நடத்துனது.

ஆமாம், தனியார்தான். பழியைத் தர்கா மேல் நான் போடவில்லை. ஆனால் அங்கே கொண்டுபோய் விட்டது குடும்பங்கள், பிள்ளை ஓடிவிடுவானோ என்ற பயத்தில். அதே பயம் இன்றைக்கும் நம் வீடுகளில் இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. வீட்டுத் திண்ணைத் தூணில் கட்டினாலும் அது கட்டுவதுதான்.

இன்னொரு தாய், தேவிபட்டினம்: அப்ப ஓடிப்போறவனை எப்படித்தான் காப்பாத்துறது?

நியாயமான கேள்வி, அம்மா. எந்த நேரத்தில், எதற்கு அப்புறம் ஓடுகிறான் என்று ஒரு வாரம் குறித்து, அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலும் சண்டை நடந்த இரவோ மாத்திரை விட்ட நாளோ அதில் தெரியும். தெருவில் இரண்டு வீட்டில் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். மறைத்தால் தேடவும் ஆள் இருக்காது.

பாம்பன்: போன் விஷயமா ஒரு சந்தேகம்...

மேலே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், பதிலும் இருக்கிறது.

உச்சிப்புளி: மகன் இப்ப நல்லா இருக்கான். மாத்திரையை நிறுத்திரலாமா?

கூடாது. மாத்திரையால்தான் நல்லா இருக்கிறான் என்றும் இருக்கலாம். குறைப்பதும் நிறுத்துவதும் எழுதிக் கொடுத்த டாக்டரின் வேலை. அடுத்த முறை போகும்போது மகனையும் வைத்துக்கொண்டே அவரிடம் கேளுங்கள்.