குபேரன் போன வழி

அன்புள்ள ஐயா,

மகளைப் பார்க்க நியூசிலாந்து வந்திருக்கிறேன். ஆக்லாந்துக்குக் கிழக்கே 'கோரமண்டல்' என்று ஒரு தீபகற்பம் இருக்கிறது. அது நம் சோழமண்டலம்தானே? தமிழ் எழுத்துப் பொறித்த கப்பல் மணியும் இந்த நாட்டில்தானே கிடைத்தது? சோழர்கள் இங்கே வந்தார்கள் என்று சொல்லலாமா?

ஒரு வாசகர், ஆக்லாந்து

அன்புள்ள நண்பருக்கு,

பெயர் நம்முடையதுதான். கொண்டுபோனவர் சோழர் அல்லர், பிரிட்டிஷ் கடற்படை.

மணியை முதலில் முடித்துவிடுகிறேன். 1836 வாக்கில் கொலென்சோ என்ற கிறித்தவ மிஷனரி பார்த்தபோது, மாவோரி மக்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் இருப்பது 'முகைதீன் பக்ஸ்' என்னும் கப்பலின் பெயர். ராஜேந்திர சோழன் தன் கப்பலுக்கு அப்படிப் பெயர் வைத்திருக்க மாட்டான். கோரமண்டலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இனி உங்கள் தீபகற்பம். 1798இல் கல்கத்தாவில் ஒரு வணிகக் கப்பல் கட்டினார்கள். ஆங்கில ஏடுகளில் அதன் பெயர் 'கூவெரா'. குபேரன்தான் என்று ஊகிக்கப் பெரிய வித்தை வேண்டாம். நெப்போலியனோடு மறுபடி போர் மூண்டதும் கடற்படைக்குக் கப்பல் பற்றாக்குறை. 1804இல் இதை விலைக்கு வாங்கி, 56 பீரங்கிகள் ஏற்றி, 'மலபார்' என்று பெயர் மாற்றினார்கள். சரக்கு அடைக்கக் கட்டிய அகன்ற வயிறு போர்க்கப்பலுக்கு ஒத்துவருமா? இரண்டே ஆண்டில் பெரும்பாலான பீரங்கிகளை இறக்கித் தளவாடக் கப்பலாக்கிவிட்டார்கள். 1815இல் மேற்குக் கரையின் பெயர் போய்க் கிழக்குக் கரையின் பெயர் வந்தது: 'கோரமண்டல்'.

அதே வயிற்றில்தான் பிறகு கைதிகளை அடைத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். அவர்களை இறக்கிவிட்டு, 1820இல் கப்பல் நியூசிலாந்துக்கு வந்தது கௌரி மரத்துக்காக. அந்த மரம் வளர வளரத் தன் கீழ்க்கிளைகளைத் தானே உதிர்த்துவிடும். அதனால் அடிமரம் கணுவே இல்லாமல் தூண்போல நிற்கும். பாய்மரத்துக்கு வேறென்ன வேண்டும்? கப்பல் நங்கூரமிட்ட துறைக்கு அதன் பெயர் ஒட்டிக்கொண்டது, பிறகு தீபகற்பத்துக்கும்.

அதே வேலைக்கு அதே ஆண்டில் வந்த இன்னொரு கப்பல் 'டிராமிடரி', அதாவது ஒட்டகம். அது 1799இல் பம்பாயில் கட்டியது. அதுவும் கைதிகளை ஏற்றித்தான் ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. கடைசியில் இரண்டும் போய்ச் சேர்ந்த இடமும் ஒன்றே. பெர்முடா தீவில், கடற்படைத் தளம் கட்டும் வேலைக்குக் கொண்டுவந்த கைதிகளுக்கு இரண்டையும் மிதக்கும் சிறைகளாக நிறுத்திவைத்தார்கள். டிராமிடரி நின்ற இடத்தில் பின்னாளில் முக்குளித்தவர்களுக்குச் சேற்றில் கிடைத்தவை, கைதிகள் எலும்பில் செதுக்கிய விளையாட்டுக் காய்கள். நம் குபேரனை 1853இல் உடைத்தார்கள்.

பெரிய கௌரி மரங்கள் சில அந்தத் தீபகற்பத்தில் இன்னும் நிற்கின்றன. மகளோடு ஒருநாள் போய்விட்டு, அடிமரத்தில் கணு தெரிகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.