மாடி சோலார் ஒழுங்காக ஓடுகிறதா? கேள்வி பதில்

(தமிழ்நாட்டில் ஈபி லைனோடு இணைத்த வீட்டு சோலார் பற்றிய கேள்விகள். கணக்கெல்லாம் 540 வாட் பேனல் ஆறு, 3 கிலோவாட் இன்வர்ட்டர் என்ற அமைப்புக்கு. இன்வர்ட்டர் என்பது பேனலில் வரும் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசி மின்சாரமாக மாற்றும் பெட்டி.)

சார், ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் வந்தால் சரி?

கிலோவாட்டுக்கு 4 யூனிட் என்பது ஆண்டுச் சராசரி. உங்களுக்கு 12, 13 வர வேண்டும். மார்ச்சில் அதற்கு மேலும் வரும். ஐப்பசி அடைமழையில் 4 யூனிட் வந்தாலும் பழுது என்று நினைக்காதீர்கள். மாத மொத்தத்தைப் போன வருஷம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள், அதுதான் நம்பத்தக்கது.

மே மாதம் வெயில் கொளுத்துது, மதியம் 2.5 கிலோவாட்டைத் தாண்டவே இல்லையே?

சரியாகத்தான் இருக்கிறது. பேனலின் வாட் கணக்கு 25 டிகிரி சூட்டில் எடுத்தது. மே மாத மாடியில் பேனல் 65 டிகிரி வரை போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும். 40 டிகிரிக்கு 14 சதவீதம் போய்விடும். தூசியும் வயர் இழப்பும் அதற்கு மேல்.

இன்வர்ட்டர் ஆப்பில் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் காட்டுது. ஈபி மீட்டர் எக்ஸ்போர்ட் 310 தான். 390 யூனிட் எங்கே?

பகலில் உங்கள் வீடே செலவழித்துவிட்டது. வீட்டுக்குப் போக மிஞ்சியது மட்டுமே மீட்டர் வழியாக வெளியே போகும். எக்ஸ்போர்ட்டை உற்பத்தி என்று எடுத்துக்கொள்வதால்தான் பாதிப் புகார்கள் வருகின்றன.

அண்ணா, நல்ல வெயில்லயும் கிராஃப் ரம்பப்பல் மாதிரி ஏறி இறங்குது. மேகமே இல்லை.

இன்வர்ட்டரின் ஃபால்ட் பட்டியலைத் திறந்து பாருங்கள். 'கிரிட் ஓவர் வோல்டேஜ்' என்று இருந்தால், லைன் வோல்டேஜ் வரம்பைத் தாண்டும்போதெல்லாம் இன்வர்ட்டர் தன்னை நிறுத்திக்கொண்டு, சில நிமிஷம் கழித்துத் திரும்ப ஓடுகிறது. நல்ல உற்பத்தி நேரத்தில் நடப்பதால் இழப்பு அதிகம், இதை விட்டுவைக்காதீர்கள்.

காரணம் இரண்டு இடத்தில் இருக்கலாம். மதியம் 12 மணிக்கு, சோலார் முழு வேகத்தில் ஓடும்போது, இன்வர்ட்டர் காட்டும் ஏசி வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் ஈபி மீட்டர் பக்கம் எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். இன்வர்ட்டரில் 262, மீட்டரில் 251 என்று வித்தியாசம் இருந்தால் நடுவிலுள்ள கேபிள் மெலிசு, அல்லது ஜாயின்ட் லூஸ். கேபிளைத் தடிமனாக மாற்றினால் தீரும். இரண்டிலும் 260 என்றால் லைனே ஏறியிருக்கிறது. அளவை எழுதி ஈபியில் மனு கொடுங்கள்; டிரான்ஸ்ஃபார்மர் டேப்பை (வெளியே வரும் வோல்டேஜை ஏற்றி இறக்கும் அமைப்பு) இறக்கித் தருவது அவர்கள் வேலை. இன்வர்ட்டர் வரம்பை ஏற்றிவைக்கச் சொல்பவர்கள் உண்டு. வீட்டு ஃப்ரிட்ஜும் ஏசியும் அந்த வோல்டேஜில்தான் ஓடும் என்பதால் நான் சம்மதிக்க மாட்டேன்.

மழை பெய்த மறுநாள் பத்து மணிக்குத்தான் ஸ்டார்ட் ஆகுது. 'ஐசோ' ஃபால்ட் காட்டுது.

பேனலிலிருந்து இன்வர்ட்டருக்கு வரும் டிசி வயரில் எங்கோ ஈரம் வழியாக எர்த்துக்குக் கசிகிறது, காய்ந்ததும் ஓடுகிறது. தரையில் தேங்கிய தண்ணீரில் கிடக்கும் எம்சி4 கனெக்டர் (பேனல் வயர்களை இணைக்கும் பிளக்), ஸ்டாண்டு விளிம்பில் உரசித் தோல் போன வயர், அணில் கடி, இந்த மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் கை வைக்காதீர்கள். ஓடும்போது எம்சி4-ஐப் பிடுங்கினால் தீப்பொறி நிற்காமல் எரியும்; 250 வோல்ட் டிசி அது.

ஐயா, டிசம்பர்ல மட்டும் ரொம்பக் குறையுது.

தெற்குப் பக்கம் தண்ணீர் டேங்க் இருக்கிறதா? டிசம்பரில் சென்னையில் உச்சிவேளையிலேயே சூரியன் 54 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். மே மாதம் இல்லாத நிழல் அப்போது பேனல் மேல் விழும். கீழ் மூலையில் ஒரு செல் மறைந்தாலும் அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். காலை 9, பகல் 12, மாலை 3 மணிக்கு மாடியேறிப் பாருங்கள்.

கழுவ போர் தண்ணி போதுமா?

உப்புத் தண்ணீர் என்றால் காய்வதற்குள் வைப்பரால் வழித்துவிடுங்கள். வெள்ளைப் படலம் ஒட்டினால் சாதாரணமாகப் போகாது. காலை 7 மணிக்கு முன்னால் கழுவுங்கள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். சோப்புத்தூள் வேண்டாம்.