மாத்திரையை நிறுத்தவா என்று கேட்டால்

மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் பைபோலார் நோயிலிருந்து மீண்டு, அதே அனுபவம் உள்ளவர்கள் கூடும் சக ஆதரவுக் குழுவை முதன்முறையாக நடத்தப் போகிறீர்கள், யாராவது "மாத்திரையை நிறுத்திவிடவா?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் இருப்பது நல்லதுதான்.

நிறுத்துங்கள், தொடருங்கள் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். "எது தொந்தரவு செய்கிறது?" என்று கேளுங்கள். எங்கள் குழுவில் இதே கேள்வியைக் கேட்டவருக்குக் கை நடுக்கம். மருத்துவரிடம் சொல்லக் கூச்சம். அந்த நடுங்கும் கையாலேயே மூன்று வரி எழுதினார். அடுத்த முறை சீட்டை அப்படியே மருத்துவரிடம் நீட்டினார், அளவை மாற்றிக் கொடுத்தார்கள். பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பலாம் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

குழுவில் நடத்தும் பாடத்துக்கு 'ராப்' (WRAP) என்ற, நலமாக இருக்க அவரவர் திட்டம் எழுதும் முறையைப் பாருங்கள். 1997-இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில், மனநோயை அனுபவித்தவர்களே கூடி உருவாக்கியது. தினமும் என்னை நிலையாக வைப்பது எது, எது கிளறிவிடும், சரிவின் முதல் அடையாளம் என்ன, நெருக்கடியில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவரவரே எழுதுவது. எனக்கு முதல் அடையாளம், இரவு 2 மணிக்கு அலமாரியை அடுக்க ஆரம்பிப்பது. உங்களுடையதை நீங்களே முதலில் வாசியுங்கள். மற்றவர்கள் பேனாவை எடுப்பார்கள்.

சாகத் தோன்றுகிறது என்று யாராவது சொன்னால், அதைக் குழுவுக்குள்ளேயே ரகசியமாக வைக்க முடியாது. அப்போது யாரை அழைப்பீர்கள் என்பதை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லி வைத்துவிடுங்கள்.