வண்டி எண் இருந்தால் போதும்

கேள்வி: என் காரை இடித்தவர் கோன்ஸ்தா தாளில் (விபத்துக்குப் பின் இரு ஓட்டுநர்களும் சேர்ந்து நிரப்பும் படிவம்) காப்பீட்டு விவரம் எழுதாமலே கையெழுத்திட்டுப் போய்விட்டார். கண்ணாடியில் பச்சைக் காப்பீட்டு வில்லையும் இல்லை. அவருடைய நிறுவனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், சேந்தாந்த்ரே, ரெயூனியன்

பதில்: வில்லை இல்லாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது, 1 ஏப்ரல் 2024 முதல் யாரும் அதை ஒட்ட வேண்டியதில்லை. தாளில் காப்பீட்டு நிறுவனத்துக்கான 8ஆம் பெட்டி காலியா? இருக்கட்டும், நீங்களாக நிரப்பாதீர்கள். கையெழுத்தான முன்பக்கத்தைத் தொட்டால் வம்பு. வண்டி எண் சரிதானா என்று மட்டும் பாருங்கள். புதுமுறை எண்ணில் (AA-123-AA வடிவம்) ஐ (I), ஓ (O), யு (U) எழுத்துகள் கிடையாது. ‘ஓ’ போலத் தெரிவது பெரும்பாலும் ‘டி’ (D) அல்லது ‘கியூ’ (Q). தாளை 5 வேலைநாளுக்குள் உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். காப்பீட்டு வண்டிகளின் பதிவேட்டில் அவர்களே தேடுவார்கள். நேரடியாகத் தெரிய வேண்டுமானால் வண்டி எண், விபத்துத் தேதி, இடம் குறித்து காப்பீட்டு நிறுவனங்களின் பொது அமைப்பான ‘அஜிரா’விடம் கேட்கலாம். காப்பீடே இல்லையென்று தெரிந்தால், அடுத்து அணுக வேண்டியது காப்பீடில்லா வண்டியால் பாதிக்கப்பட்டவர்களுக்கான எஃப்.ஜி.ஏ.ஓ. (FGAO) இழப்பீட்டு நிதி.