பழைய கம்ப்யூட்டர் கேபினெட்டைக் குறைந்த செலவில் மாற்ற முடியுமா?

குன்னூரில் இருக்கிறேன், பழைய ஏடிஎக்ஸ் (மதர்போர்டுக்கும் பெட்டிக்குமான பொது அளவு) கேபினெட்டில் புது மதர்போர்டு வைக்கலாமா, கையில் காசு குறைவு என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம். ஏடிஎக்ஸ் அளவு 1995-ல் வந்தது; ஸ்க்ரூ துளைகள் இன்றும் ஏறக்குறைய அதே இடத்தில்தான்.

சிக்கல் காற்றோட்டம். பழைய பெட்டிகளில் பெரும்பாலும் 80 மி.மீ. ஃபேனுக்குத்தான் இடம் இருக்கும். முன்தகட்டை வெட்டி 120 மி.மீ. ஃபேன் ஒன்று வையுங்கள். நம் குளிருக்கு அது போதும். அதன் ஸ்க்ரூ துளைகளுக்கிடையே 105 மி.மீ. வரும். அட்டையில் அச்சு வெட்டி, தகட்டில் ஒட்டி, ஆணியால் புள்ளி குத்திவிட்டு டிரில் போடுங்கள். எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான்! நான் சோம்பல்பட்டு போர்டோடு வெட்டினேன்; ராம் ஸ்லாட்டுக்குள் இரும்புப் பிசிறு விழுந்து, பெயின்ட் பிரஷ்ஷோடு அரைநாள் போனது.

வெட்டிய விளிம்பை அரம் போட்டு, அன்றே ரெட் ஆக்சைடு (துருப் பிடிக்காமலிருக்க அடிக்கும் பெயின்ட்) அடித்துவிடுங்கள். இந்த மூடுபனியில் விட்டால் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். கையைக் கிழிக்காமலிருக்க பழைய சைக்கிள் டியூபைக் கீறி விளிம்பில் சொருகலாம். தூசிக்குக் கொசுவலைத் துண்டு.

இன்னொன்று: திண்ணையில் குளிர்ந்து கிடந்த பெட்டியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் ஸ்விட்ச் போடாதீர்கள். உள்ளே வேர்த்திருக்கும். ஒன்றிரண்டு மணி நேரம் அப்படியே காயவிடுங்கள்.