ஆர்கேட் பெட்டிக்குப் பவர் சுவிட்ச்: கேள்வி-பதில்

கேள்வி: வீட்டில் ஆர்கேட் பெட்டி (நின்று விளையாடும் வீடியோ கேம் பெட்டி) செய்கிறேன். விளையாட்டுக்கு வைக்கும் வட்டப் பட்டன் ஒன்று மீதம் இருக்கிறது. அதையே பவர் சுவிட்சாக வைத்துக்கொள்ளலாமா?

உள்ளே கணினி இருந்தால் தாராளமாக வைக்கலாம், ஆனால் அதில் மெயின்ஸ் மின்சாரம் (சுவர் சாக்கெட்டிலிருந்து வருவது) போகக் கூடாது. அந்தப் பட்டன் அழுத்தும்போது மட்டும் இணையும், கையை எடுத்தால் விட்டுவிடும். அதன் பின்பக்க முனைகளும் மூடாமல் இருக்கும். ஜாய்ஸ்டிக்கைக் கழற்றக் கை விடுகிற அதே இடத்தில்தான் அவை இருக்கும். கணினியின் மதர்போர்டில் பவர் சுவிட்சுக்கென்று இரண்டு முட்கள் உண்டு. பட்டனின் இரண்டு வயர்களையும் அங்கே கொண்டுபோய்ச் செருகுங்கள். எந்த வயர் எந்த முள்ளில் என்ற கவலை வேண்டாம். அங்கே இருப்பது சில வோல்ட்தான்.

கேள்வி: பவர் கார்டு செருகும் இடம், ஃபியூஸ், ராக்கர் சுவிட்ச் மூன்றும் ஒன்றாக உள்ள பாகம் வாங்கினேன். பின்னால் நிறைய முனைகள். எதை எதோடு சேர்ப்பது?

வீட்டில் செய்யும் பெட்டிக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பாகத்தைத்தான். ஆனால் பலவற்றில் சாக்கெட்டும் சுவிட்சும் உள்ளே இணைந்திருக்காது. அந்த இணைப்பை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். லைன் (மின்சாரம் வரும் வயர்) முதலில் ஃபியூஸ் வழியாகப் போய், பிறகு சுவிட்சுக்கு வந்து, அதன் பிறகே பெட்டிக்குள் போக வேண்டும். நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் வயர்) சுவிட்சின் இன்னொரு ஜோடி முனை வழியாகப் போகட்டும். இரண்டையும் சேர்த்து வெட்டும் நான்கு முனை சுவிட்சையே தேர்ந்தெடுங்கள். பிளக்கைத் திருப்பிச் செருகினாலோ, சுவர் சாக்கெட்டில் லைனும் நியூட்ரலும் மாறியிருந்தாலோ, ஒரு வயரை மட்டும் வெட்டும் சுவிட்சை அணைத்த பிறகும் பெட்டிக்குள் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

எர்த் சுவிட்சுக்குள் போகவே கூடாது. சாக்கெட்டிலிருந்து நேராக உள்ளே உள்ள பவர் ஸ்டிரிப்புக்கும் (பல சாக்கெட் உள்ள நீட்டிப்புப் பலகை), காசு போடும் கதவு, உலோகக் கட்டுப்பாட்டுப் பலகை போன்ற கை படும் உலோகத்துக்கும் போகட்டும். மரப்பெட்டிதானே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விளையாடுபவர் தொடுவது அந்த உலோகத்தைத்தான்.

முனைகளுக்குப் பெரும்பாலும் 6.3 மி.மீ. லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக இணைப்பி) பொருந்தும், ஆனாலும் அளந்து வாங்குங்கள். முழுவதும் உறை போட்ட லக்கைச் சரியான கருவியால் கிரிம்ப் செய்து (நசுக்கிப் பொருத்தி), வயரைக் கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள். பிளக் செருகுவதற்கு முன் மல்ட்டிமீட்டரில் சோதியுங்கள்: சுவிட்ச் அணைந்திருக்கும்போது லைன், நியூட்ரல் இரண்டும் அறுந்திருக்க வேண்டும், எர்த் எப்போதும் இணைந்திருக்க வேண்டும், லைனுக்கும் எர்த்துக்கும் இடையே பீப் ஒலி வரவே கூடாது.

கேள்வி: விளக்கு எரியும் சுவிட்சைப் போட்டதும் வீட்டு பிரேக்கர் விழுகிறது. ஏன்?

மூன்று முனை உள்ளதா? அப்படியானால் மூன்றாவது முனை உள்ளே இருக்கும் விளக்குக்கான நியூட்ரல். வேறு நிறத்தில் இருக்கும் அந்த முனைக்குப் போக வேண்டிய நியூட்ரலை, வெளியே போகும் முனையில் மாட்டியிருப்பீர்கள். சுவிட்சைப் போட்டதும் லைனும் நியூட்ரலும் நேராக மோதுகின்றன. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீட்டரில் முனைகளை அடையாளம் கண்ட பிறகே மாட்டுங்கள். அந்தச் சுவிட்சின் தொடுமுனை கருகியிருக்கலாம், புதிதாக மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எத்தனை ஆம்பியர்?

கணினி 250 வாட், திரை 40, ஆம்ப்ளிஃபயர் 30 என்று வையுங்கள், மொத்தம் 320. 230 வோல்ட்டில் சுமார் 1.4 ஆம்பியர், 120 வோல்ட்டில் 2.7. பவர் சப்ளைகள் போட்ட நொடியில் இதைவிடப் பல மடங்கு இழுக்கும். அதனால் சுவிட்ச் 10 ஆம்பியர் தாங்கட்டும்; ஃபியூஸ் மெதுவாக உருகும் வகையாக, 230 வோல்ட்டுக்கு 3.15, 120 வோல்ட்டுக்கு 5 ஆம்பியர் போதும். வயர் 1 சதுர மி.மீ. இருக்கட்டும். ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால் பெரியதைப் போட்டுச் சமாளிக்காதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்.

கேள்வி: பெட்டிக்குள் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகை வைத்திருக்கிறேன். சுவிட்சை அணைத்து அணைத்து மெமரி கார்டு கெட்டுவிட்டது.

கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்புகள் சிதையும். மெயின்ஸ் சுவிட்ச் பின்னால் இருக்கட்டும். முன்னால் ஒரு சிறு பட்டனைப் பையின் 5, 6ஆம் முட்களுக்கு இடையே மாட்டி, கான்ஃபிக் கோப்பில் (config.txt) பட்டனால் அணைக்க உதவும் ஜிபிஐஓ-ஷட்டவுன் (gpio-shutdown) ஓவர்லே என்ற அமைப்பை இயக்குங்கள். ஒரு அழுத்தில் ஒழுங்காக அணையும். பை 4 வரையிலான பலகைகளில் மறுபடி அழுத்தினால் எழும்பும். பை 5-இல் பவர் பட்டன் பலகையிலேயே உண்டு. பச்சை விளக்கின் சிமிட்டல் நின்ற பிறகு பின்பக்கச் சுவிட்சை அணையுங்கள்.

கேள்வி: திரையும் ஒலியும் கணினியோடு சேர்ந்து அணைய வேண்டும்.

கணினி இழுக்கும் மின்சாரத்தைப் பார்த்து மற்ற சாக்கெட்டுகளை இயக்கும் பவர் ஸ்டிரிப் கிடைக்கிறது, அதை உள்ளே வையுங்கள். ஆனால் திரையை முதலில் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள். தானாக எரியாத திரை என்றால் அதன் பட்டனை வெளியே எட்டும் இடத்தில் வைக்க வேண்டியிருக்கும்.