பிள்ளைகள் போன வீடும் ஒரு நொச்சியும்

பிள்ளைகள் வெளியூர் போனபின் பெற்றோர் படும் தனிமையைச் சொல்லும் கவிதைகளில் வெறுங்கூடும் பறந்துபோன குஞ்சும்தான் வருகின்றன, வேறு குறியீடே கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. சங்க நூலான நற்றிணையின் 184-ஆம் பாட்டைப் படித்துப் பாருங்கள்.

ஒரே மகள். காதலனோடு நேற்றுத்தான் பெருமலைக் காட்டுவழியே போய்விட்டாள். ஊரார் வந்து 'தாங்கு நின் அவலம்', உன் துயரத்தைப் பொறுத்துக்கொள், என்கிறார்கள். தாய் கேட்கிறாள்: அறிவுடையவர்களே, அது எப்படி முடியும்? நினைத்தாலே உள்ளம் வேகிறதே! எதைப் பார்த்து வேகிறதாம்? மகள் விளையாடிய நொச்சிச் செடியையும் தெற்றியையும், அதாவது திண்ணையையும். அவ்வளவுதான். பறவை இல்லை, கூடு இல்லை. வீட்டில் அப்படியே இருக்கிற இரண்டு பொருள்கள்.

அந்த மகளைத் தாய் சொல்லும் விதம் இன்னும் நுட்பமானது: 'உண்கண் மணிவாழ் பாவை நடைகற் றன்ன'. கண்மணிக்குள் இருக்கும் பாவையே இறங்கி நடக்கக் கற்றுக்கொண்டது போன்றவள். பாட்டு முடியும் சொல் 'கண்டே'. பாவை நடந்து போய்விட்டது, ஆனால் கண் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது. பாட்டின் இந்தச் சூழலுக்கு, அதாவது துறைக்கு, மனை மருட்சி என்று பெயர். பழகிய வீடே தாயை மருள வைக்கிறது.

கலித்தொகை 9-இல் சந்தனம், முத்து, யாழின் இசை என்று மூன்று வருகின்றன. சந்தனம் மலையில் பிறந்தாலும் மலைக்கு என்ன பயன், உங்கள் மகளும் அப்படித்தான் என்று, காதலனோடு போன மகளைத் தேடி வரும் செவிலிக்கு, அதாவது வளர்ப்புத் தாய்க்கு, துறவிகள் சொல்கிறார்கள். அழகான உவமைகள்தான். ஆனால் அவை வழியில் கண்டு ஆறுதல் சொன்னவர்களின் உவமைகள், மலையிலிருந்தும் கடலிலிருந்தும் எடுத்தவை. நற்றிணைத் தாய்க்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அவள் வாசலைப் பார்த்தால் போதும்.

இது எனக்குப் புரிந்தது என் மகள் வேலைக்காகப் புனே போன பிறகு. பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க அவள் கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துதான் படித்தாள். 'எழுந்திருடி, துணி ஊறுது' என்று தினமும் விரட்டுவேன். இப்போது கல் எந்நேரமும் காலியாகத்தான் இருக்கிறது. துணியை வாளியில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா, 'தினமும் போன்ல பேசுறியே, அப்புறம் என்ன?' என்கிறார். பிரியமாகத்தான் சொல்கிறார். நற்றிணைத் தாயிடம் சொன்னவர்களும் பிரியமாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

அப்புறம், ஐங்குறுநூற்றில் 'மகட்போக்கிய வழித் தாயிரங்கு பத்து' இருக்கிறது, மகள் போனபின் தாய் வருந்தும் பத்துப் பாட்டுகள், ஓதலாந்தையார் பாடியவை. அதில் 375-ஆம் பாட்டை மட்டுமாவது வாய்விட்டுப் படியுங்கள். இது என் பாவைக்கு இனிய பாவை, இது என் பைங்கிளி எடுத்த பைங்கிளி என்று, மகள் விட்டுப்போன ஒவ்வொன்றாகத் தாய் காட்டிக்கொண்டே போகிறாள்.